ஒரு ஆர்டி 350, இரண்டு பெட்ரோல் மட்டம்

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றதுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. இடது சைலென்சர் அடர்த்தியாகப் புகை கக்கியது. வலதுபக்கம் புகை கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு சிலிண்டர் உள்ள டூ ஸ்ட்ரோக் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புகைய வேண்டும். இது ஒரு பக்கம் தின்று கொழுத்தும் மறுபக்கம் பட்டினி கிடந்தும் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி 1984-ஆம் வருஷத்து ராஜ்தூத் ஆர்டி 350. யமஹா 1973-இல் கொண்டுவந்த ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இல் இங்கே தயாரித்து விற்க ஆரம்பித்தது. 347 சிசி, ஆறு கியர், சிலிண்டருக்கு ஒன்றாக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரண்டு மிகுனி கார்பரேட்டர். முதலில் வந்த ஹை டார்க் வண்டிக்கு 30.5 குதிரைத்திறன். அப்புறம் மைலேஜுக்காக அடக்கி விட்ட லோ டார்க் வண்டிக்கு 27. இது ஹை டார்க். கோயம்புத்தூரில் எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவர், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாங்கிய நாளிலிருந்து இதை வைத்திருக்கிறார். யாரிடமும் சாவி கொடுக்க மாட்டார். அவரே வீட்டுக்கு வந்து, "தம்பி, நீங்க ஒரு தடவ பாத்துருங்க. இனி இத வேற யாருகிட்டயும் விட மாட்டேனுங்க" என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அவர் சொன்ன புகார்கள் மூன்று. காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் நாற்றம், இடது கார்பரேட்டருக்குக் கீழே தரையில் ஈரம். ஊருக்குள் 40 வேகத்தில் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. மூன்றாவதுதான் பெரியது: பல்லடம் ரோட்டில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி, முன்னால் லாரி வந்ததால் ஆக்ஸிலரேட்டரை விட்ட அந்த நொடியில் பிடித்துவிட்டது, அதாவது பிஸ்டன் சூட்டில் இறுகிச் சிலிண்டருக்குள் சிக்கிக்கொண்டது. அவர் உடனே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டியிருக்கிறார். பத்து நிமிஷம் ஆறவிட்டு உதைத்ததும் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

ஆக்ஸிலரேட்டரை விட்டபோது பிடித்தது என்ற அந்தத் தகவலை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன். ஆக்ஸிலரேட்டரின் முழு திருகலில் பிடித்தால், அப்போது பெட்ரோல் விடும் பெரிய துளையான மெயின் ஜெட்டைச் சந்தேகிக்கலாம். வேகமாக ஓடும்போது திருகலை மூடியதும் பிடித்தால், கொஞ்ச நேரம் எஞ்சின் அதே சுற்றில் சுழல, பெட்ரோல் மட்டும் பைலட் என்ற சின்னத் துளை வழியாகத்தான் வருகிறது. அந்தச் சிறு வழியில் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகிற பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிர்விக்கும் பொருளும். நல்லவேளையாக இந்த வண்டியில் ஆயிலைத் தனி பம்ப் அனுப்புகிறது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டியாக இருந்திருந்தால், பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் குறைந்து பிஸ்டன் அன்றைக்கே போயிருக்கும்.

இதற்கு முன்னால் இரண்டு பட்டறைகளில் வேலை நடந்திருந்தது. இரண்டு கார்பரேட்டருக்கும் புது ரிப்பேர் கிட் போட்டிருந்தார்கள். பிளக் மாற்றியிருந்தார்கள். வலதுபக்கம் மட்டும் மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் பெரிதாக்கியிருந்தார்கள். இடதுபக்கம், வெளியே திருகினால் காற்றைக் கூட்டும் ஏர் ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்திருந்தது. அதாவது வலதில் பெட்ரோல் போதவில்லை, இடதில் மிஞ்சுகிறது என்பதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு ஜெட்டிலும் திருகிலும் ஈடுகட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் எல்லோரும் கைகாட்டியது எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலை. அது பொய்யான குற்றச்சாட்டு இல்லை. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் கணக்கு 13.5-க்குப் பக்கத்தில் வரும். பழைய பெட்ரோலுக்குக் கணக்கிட்ட ஜெட் அதே அளவைத்தான் விடும் என்பதால், காற்றுக்கு ஈடான பெட்ரோல் குறைந்து கலவை கிட்டத்தட்ட எட்டு சதவீதம் மெலிந்துவிடுகிறது. ஆனால் ஒரே டாங்கிலிருந்து ஒரே பெட்ரோல்தான் இரண்டு கார்பரேட்டருக்கும் போகிறது. ஈ20 காரணமென்றால் இரண்டு பக்கமும் மெலிய வேண்டும். ஒரு பக்கம் மிஞ்சி ஒரு பக்கம் குறைவதற்கு அது பதில் ஆகாது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இடது பிளக் ஈரமாக, கரி பூசிய மாதிரி. வலது பிளக்கின் பீங்கான் எலும்பு வெள்ளை. கருப்பு என்றால் பெட்ரோல் மிச்சம், வெள்ளை என்றால் குறைவு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினேன். கருப்பு இடதிலேயே வந்தது, வெள்ளை வலதிலேயே வந்தது. காயிலையும் மாற்றிப் பார்த்தேன், அதே கதை. சரி, கரன்ட் பக்கம் குறை இல்லை. வலது சைலென்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்தால், பிஸ்டனின் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறல். ஆழமில்லை, நகத்தில் தட்டுப்படவில்லை. இன்னொரு தடவை பிடித்திருந்தால் சிலிண்டரின் உட்சுவரே போயிருக்கும்.

வலதுபக்கம் மெலிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: காற்று திருட்டு. கிராங்க் சீல் தேய்ந்தாலோ, கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்தாலோ வெளிக்காற்று உள்ளே போகும். அதைச் சோதிக்காமல் கார்பரேட்டரில் கை வைப்பது வீண் வேலை. எக்ஸாஸ்ட் இரண்டையும் ரப்பர் ஷீட் வைத்து அடைத்து, கார்பரேட்டர் வரும் வாய்களையும் மூடி, வீட்டில் இருந்த பிபி பார்க்கும் கருவியின் பல்பையும் டயலையும் இணைத்துக் காற்றடித்தேன். அந்த டயலின் கடைசிக் கோடு 300 மி.மீ. பாதரசம். அது 5.8 பி.எஸ்.ஐ.க்குச் சமம். இந்தச் சோதனைக்குப் பழக்கத்தில் உள்ள 6 பி.எஸ்.ஐ.க்கு அது போதும். முள் ஒரு நிமிஷத்தில் அரைக்கோடுகூட இறங்கவில்லை. எஞ்சின் நல்ல எஞ்சின். அண்ணன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

அப்புறம்தான் கார்பரேட்டர்.

மிதவை, பட்டறையில் சொல்வது ப்ளோட். அது செய்யும் வேலை வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குழாய் செய்யும் வேலைதான். கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, அதன் நடுவிலுள்ள சின்ன நாக்கு ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் வாசலை அடைக்கிறது. எந்த மட்டத்தில் அடைக்கிறது என்பதுதான் கேள்வி. ஆர்டி 350-க்குச் சொல்லப்படும் அளவு 15 மி.மீ. கிண்ணத்தைக் கழற்றி, காஸ்கெட்டை எடுத்துவிட்டு, கார்பரேட்டரைக் கவிழ்த்து, காஸ்கெட் உட்காரும் முகத்திலிருந்து மிதவையின் விளிம்பு வரை அளக்க வேண்டும்.

இங்கே நிறையப் பேர் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மிதவை உயரம் கூடினால் பெட்ரோல் மட்டம் கூடும் என்று மனசு தானாகவே நினைத்துக்கொள்கிறது. உண்மை நேர் எதிர். நாம் அளப்பது கவிழ்த்த நிலையில். கவிழ்த்தபோது முகத்திலிருந்து தூரமாக நிற்கிற மிதவை, நிமிர்த்தினால் கீழே தொங்கும். பெட்ரோல் கொஞ்சம் ஏறியதுமே வாசல் அடைபட்டுவிடும். எண் ஏறினால் மட்டம் இறங்கும், கலவை மெலியும். எண் இறங்கினால் மட்டம் ஏறும், கலவை கனக்கும். இதை நான் ஒரு தாளில் எழுதி மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்கிறேன்.

வலது கார்பரேட்டரில் அளவு 18 மி.மீ. இருந்தது. மூன்று மி.மீ. அதிகம்.

மூன்று மி.மீ. பெரிய விஷயமா என்று அண்ணன் கேட்டார். சின்னத் திருகலில் அது பெரிய விஷயம்தான். பெட்ரோல் தன் மட்டத்திலிருந்து ஜெட் வாய் வரை ஏறித்தான் காற்றில் கலக்க வேண்டும். அதை ஏற்றிவிடுவது காற்றோட்டத்தின் உறிஞ்சல். முழு திருகலில் அந்த உறிஞ்சல் பலமாக இருக்கும், மூன்று மி.மீ. கூடுதல் ஏற்றம் அதற்கு ஒரு பொருட்டில்லை. திருகல் சிறிதாக இருக்கும்போது உறிஞ்சல் மிகக் குறைவு, அப்போது இந்த மூன்று மி.மீ. அதில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும். அதனால்தான் ஊருக்குள் வெட்டியது, திருகலை விட்டபோது பிடித்தது. மெயின் ஜெட் மாற்றினால் முக்கால் திருகலுக்கு மேல்தான் பலன் தெரியும். பட்டினி கிடந்த இடம் வேறு, சோறு வைத்த இடம் வேறு.

நாக்கை வளைத்து 15-க்குக் கொண்டுவந்திருக்கலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த நாக்கில் யாரும் கை வைத்த அடையாளம் இல்லை. இடுக்கித் தழும்பு இல்லை, கம்பெனியில் வளைத்தபடியே இருந்தது. நாக்கு மாறவில்லை என்றால் ஊசியின் வாசல்தான் மாறியிருக்க வேண்டும். ஊசி உட்காரும் பித்தளை சீட்டைக் கழற்றினேன். அதன் கழுத்தில் இரண்டு வாஷர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, அழுக்கில் ஒட்டி ஒரே வாஷர் மாதிரி. கிட் மாற்றும்போது பழைய வாஷர் உள்ளேயே தங்கிவிட, அதன்மேல் புது வாஷரோடு புது சீட் ஏறியிருக்கிறது. நகத்தால் பிரித்து வர்னியர் அளவுகோலில் பிடித்தேன்: ஒரு வாஷர் சரியாக 1 மி.மீ. கனம்.

இந்த மிதவையின் கீலிலிருந்து ஊசி தொடும் இடத்துக்கு 8 மி.மீ., மிதவையின் நடுவுக்கு 24. ஒன்றுக்கு மூன்று. வாசல் 1 மி.மீ. நகர்ந்தால் மிதவை 3 மி.மீ. நகரும். 15-உம் 3-உம் 18. கணக்கு அப்படியே வந்து உட்கார்ந்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பழைய வாஷரை எடுத்துவிட்டுப் பூட்டினேன். நாக்கைத் தொடாமலே 15 வந்துவிட்டது. மெயின் ஜெட்டையும் பழைய சைஸுக்கே மாற்றினேன்.

ஓட்டிப் பார்த்ததில் வலது பிளக் வெள்ளையிலிருந்து வெளிர் மண் நிறத்துக்கு வந்தது. இடது பிளக் அதே கருப்பு.

இடதைத் திறந்தபோது 12 அல்லது 13 இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது 15. மறுபடி அளந்தேன், 15. ஊசியின் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த சின்ன முள் ஒன்று இருக்கிறது. மிதவையின் எடை அதை அமுக்கிவிட்டால் அளவு தப்பும். அதனால் கார்பரேட்டரை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மிதவை தொங்க, மெல்லச் சாய்த்து, நாக்கு முள்ளைத் தொட்டும் அமுக்காமலும் நிற்கிற இடத்தில் அளக்க வேண்டும். அப்படியும் 15. ஊசி நுனி புதுசு, சீட் சுத்தம், வாஷர் ஒன்றுதான். அளவு சரி, பிளக் கருப்பு. அன்றைக்கு இரவு அத்தோடு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன்தான் வழியைத் திறந்துவிட்டார். "நீங்க ப்ளோட்ட அளக்குறீங்க. பெட்ரோல அளந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். மில்லில் பாய்லருக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்துப் பழகியவர். அதே முறைதான். பழைய சாமான் கடையிலிருந்து இதே மாடல் கிண்ணம் ஒன்று வாங்கி, அடியில் துளை போட்டு, லேத் பட்டறையில் ஒரு பித்தளை நிப்பிள் கடைந்து பொருத்தினோம். அதில் கண்ணாடி போன்ற குழாயை மாட்டி, கார்பரேட்டரின் பக்கவாட்டில் நிமிர்த்திக் கட்டினால் கிண்ணத்துக்குள் இருக்கும் மட்டம் குழாயில் தெரியும். கார்பரேட்டரை வைஸில் மட்டமாகப் பிடித்து, டாங்க் இருக்கிற உயரத்தில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுப் பெட்ரோல் விட்டோம். உயரம் முக்கியம், பாட்டில் உயர உயர வாசலில் அழுத்தம் கூடும், மட்டமும் கொஞ்சம் மாறும்.

சரிசெய்த வலது கார்பரேட்டரை முதலில் வைத்தேன். பெட்ரோல் காஸ்கெட் கோட்டுக்கு 4 மி.மீ. கீழே நின்றது. அதே கிண்ணத்தை இடதில் மாட்டினேன். ஏறியது, ஏறியது, கோட்டுக்கு 2 மி.மீ. கீழேதான் நின்றது. மிதவை உயரம் இரண்டிலும் ஒன்று. பெட்ரோல் மட்டம் இரண்டு மி.மீ. வித்தியாசம்.

மிதவை சரியாக மிதக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் இல்லை. கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினேன். தேங்காயை ஆட்டினால் கேட்கிற மாதிரி, மிக மெல்லியதாக, உள்ளே ஏதோ அசைந்தது. இரட்டை உருளைகளில் ஒன்றுக்குள் பெட்ரோல்.

எங்கள் ஊரில் நகைப்பட்டறைக்குப் பஞ்சமில்லை. தெரிந்த பட்டறையில் தங்கம் நிறுக்கும் தராசில் இரண்டு மிதவையையும் வைத்தோம். இடது மிதவை 1.8 கிராம் அதிகம். பெட்ரோலில் அது ஏறக்குறைய 2.4 மில்லி. அந்தக் கூடுதல் எடையைத் தாங்க மிதவை அவ்வளவு பெட்ரோலைக் கூடுதலாக விலக்க வேண்டும், அதற்காக இன்னும் கொஞ்சம் அமிழ வேண்டும். இரண்டு உருளையும் சேர்ந்த பரப்பை வைத்துப் பார்த்தால் அமிழ்வு 2 மி.மீ. வரும். குழாயில் பார்த்ததும் அதே 2 மி.மீ.

கவிழ்த்து அளக்கும்போது மிதவை காற்றில் இருக்கிறது. அதன் எடை அங்கே எதையும் காட்டிக்கொடுக்காது. ஓட்டை மிதவையும் நல்ல மிதவையும் வர்னியருக்கு ஒன்றுதான். 15 மி.மீ. என்பது மிதவை நல்ல மிதவை, வாஷர் ஒன்று, ஊசி சரியான நீளம் என்று நம்பி எழுதிய எண். நமக்கு வேண்டியது பெட்ரோல் எங்கே நிற்கிறது என்பது. இந்த வண்டிக்கு அப்புறம் நான் எந்தக் கார்பரேட்டரையும் குழாய் வைத்துப் பார்க்காமல் பூட்டுவதில்லை.

பித்தளை மிதவையின் ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கிற வேலை கவனமாகச் செய்ய வேண்டிய வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், அதில் மிதவையை அமுக்கினேன். உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, ஓட்டை வழியாகக் குமிழ் விடும். அடிப் பக்கம் தையல் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளியிலிருந்து வரிசையாகக் குமிழ் வந்தது. அந்த இடத்தைக் கீறி அடையாளம் வைத்தேன். பெட்ரோல் இருக்கும் மிதவையில் சூடு வைத்தால் அது வெடிக்கும். அதனால் மேல்பக்கம் கையாலேயே மெல்லிய துளை ஒன்று போட்டு, பெட்ரோலை வடித்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, தராசில் எடை இனி இறங்கவில்லை என்று ஆன பிறகு, மறுபடி வெந்நீரில் முக்கி, மறுபடி காயவைத்தேன். கேஸ் டார்ச்சைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. சால்டரிங் அயர்ன் மட்டும். ஓட்டையை முதலில் அடைத்து, நான் போட்ட துளையைக் கடைசியில் ஒரே தொடுகையில் அடைத்தேன். துளை திறந்திருந்தால்தான் உள்ளே சூடாகும் காற்று வெளியேறும். இல்லையென்றால் அது ஈயத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டை போட்டுவிடும். முடிந்ததும் எடை வலது மிதவையைவிட 0.2 கிராம்தான் கூடுதல், அது ஈயத்தின் எடை.

மிதவையைப் பூட்டிக் குழாயில் பார்த்தேன். காஸ்கெட் கோட்டுக்கு 4 மி.மீ. கீழே, வலது மாதிரியே. இடது ஏர் ஸ்க்ரூவை உள்ளே கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஒன்றரைச் சுற்றில் தொடங்கி, காதால் கேட்டு அமைத்தேன்.

அவினாசி போய்த் திரும்பினோம், 80 கிலோமீட்டருக்குக் கிட்ட. அண்ணன் ஓட்டினார், நான் பின்னால் என் வண்டியில். இரண்டு பிளக்கும் ஒரே நிறம், ஆனால் இரண்டுமே நான் விரும்புவதைவிட ஒரு சாயல் வெளிறியிருந்தன. இதுதான் ஈ20 செய்கிற வேலை. இப்போதுதான் அது தனியாகத் தெரிந்தது. மிதவை ஊசி இல்லை, ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு ஊசி; அதன் கிளிப்பை இரண்டிலும் ஒரு காடி கீழே இறக்கினேன். கிளிப் இறங்கினால் ஊசி ஏறும், கலவை கனக்கும். அடுத்த ஓட்டத்தில் பிளக் இரண்டும் டீத்தூள் நிறத்துக்கு வந்தன.

மூன்று மாதம் கழித்துக் குழாயை மறுபடி கட்டிப் பார்த்தோம். இடது 4, வலது 4. அண்ணன் விடவில்லை, மிதவையைக் கழற்றச் சொல்லி, கைக்குட்டையில் சுற்றி, அவரே தராசுக்குக் கொண்டுபோனார். எடை ஒரு புள்ளியும் மாறவில்லை. ஈயம் நின்றுவிட்டது.